வலமாக மட்டும் ஓடிய பஸ்

பஸ் எங்கே போகிறது என்று யாராவது கேட்டால் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். எங்கள் பஸ்ஸில் கேட்டால் என் அண்ணன், "எங்கயும் போகாதுங்க, சுத்திட்டு இங்கயேதான் வந்து நிக்கும்" என்பார். சொல்லிவிட்டு, முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் என் கணவரின் பிடரியை ஒரு பார்வை பார்ப்பார். கணவர் ஹார்ன் பந்தை இரண்டு தரம் அமுக்குவார். முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில் அந்தப் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தச் சண்டையும் டிக்கெட்டோடு சேர்ந்தே கிடைத்தது.

கணவரை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அண்ணனுக்கும் அதே மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கும் ஒரு சண்டைக்கு வருவார்.

பஸ் இரண்டு பேருக்கும் பொது. பழைய லொறி ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் மரப்பெட்டி கட்டி, குறுக்கே பலகை ஆசனம் போட்டு, வெளியே பச்சை வர்ணம் அடித்திருந்தது. கணவர் ஓட்டினார். அண்ணன் மிதிபலகையில் நின்று டிக்கெட் கொடுத்தார், மணிக்கயிற்றை இழுத்தார். ஒரு தரம் இழுத்தால் நில், இரண்டு தரம் இழுத்தால் போ. அந்தக் கயிறு மட்டும்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என்று நான் சொல்வதுண்டு.

பஸ் ஓடிய வழி இதுதான். மார்க்கட்டில் புறப்படும். புத்தர் கோயிலான மாளிகையின் வாசலைத் தாண்டிக் குளத்தின் வடகரையோரமாகப் போகும். கிழக்கு மூலையில் திரும்பி, மரங்கள் கவிந்த தென்கரை வழியாக வந்து, ஆஸ்பத்திரிச் சந்தி, ஸ்டேஷன், பிறகு மறுபடியும் மார்க்கட். எப்போதும் இந்த வரிசைதான். எதிர்ப்பக்கமாக ஒரு தரம்கூடப் போகாது. மார்க்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேரே நடந்தால் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடலாம். எங்கள் பஸ்ஸில் ஏறினால் குளம் முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போகலாம். காய்ச்சல்காரர்கள் குளத்துக் காற்று வாங்கிக்கொண்டே மருந்துக்குப் போனார்கள்.

அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் வீடு இருந்த மஹய்யாவயிலிருந்து மார்க்கட், அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி, வந்த வழியே திரும்புவது என்பது அவருடைய திட்டம். "மனுசன் போனா திரும்பி வரணும். நம்ம பஸ்ல போறவன் திரும்பி வரணும்னாலும் முன்னாடியே போகவேண்டி இருக்கு. இது என்ன மச்சான் ரூட்டு, செக்கு மாதிரி?" என்பார். கணவருடைய வாதமும் லேசானது அல்ல. போய்த் திரும்பும் பஸ் ஒரு பக்கம் நிறைந்து போகும், மறுபக்கம் வெறும் பெட்டியாக வரும். சுற்றுகிற பஸ்ஸில் ஒருவர் இறங்க ஒருவர் ஏறிக்கொண்டே இருப்பார். "நம்ம பஸ்ஸுல கடைசி நிறுத்தம்னு ஒண்ணே கிடையாது. எல்லாரும் நடுவுலதான் இருக்காங்க" என்பார் பெருமையாக. "ஆமா, அதனாலதான் நமக்கு நிப்பாட்டி ஒரு பிளேன்டீ குடிக்க வழி இல்ல" என்று அண்ணன் முடிப்பார்.

அண்ணன் சொன்னது உண்மைதான். முடிவே இல்லாத வழியில் எங்கே நிறுத்திச் சோறு தின்பது? ஆகவே மத்தியானம் நான் சோற்றுக் கூடையோடு மஹய்யாவயிலிருந்து மார்க்கட்டுக்கு இறங்கிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொள்வேன். தென்கரைக்கு வரும்போது எஞ்சின் கொதிக்கும். அது தவறவே தவறாது. மர நிழலில் பஸ்ஸை நிறுத்தி, அண்ணன் குளத்தில் தகரத்தால் தண்ணீர் மொண்டு ரேடியேற்றருக்கு ஊற்றுவார். எஞ்சின் ஆறுவதற்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். பிரயாணிகள் முணுமுணுப்பார்கள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் மட்டும் ஒவ்வொரு நாளும் என் கூடையை எட்டிப் பார்த்து, "இண்டைக்கு என்ன கறி பிள்ளை?" என்று விசாரிப்பார். அவர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்தான். இருந்தாலும் கேட்பார்.

கணவர் சுற்றுப்பாதையை விடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ரிவர்ஸ் வராது. முன்னால் போவதென்றால் எந்த மலை வளைவிலும் போவார். பின்னால் போவதென்றால் கை கால் உதறும். பின்கியரில் போட்டால் அந்த வண்டியும் கழுதை மாதிரி முரண்டு பிடிக்கும். மஹய்யாவயில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பெரிய பலாமரம் நின்றது. சாயந்தரம் வந்தால் அந்த மரத்தை ஒரு சுற்றுச் சுற்றித்தான் பஸ்ஸைத் திருப்பி நிறுத்துவார். மரம் இல்லாதிருந்தால் நாங்கள் வேறு வீடுதான் பார்த்திருக்கவேண்டும்.

ஆனால் கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் காரணம் வேறு. "வலமாச் சுத்துறதுதான் முறை. இடமாச் சுத்துறது சாவுக்கு" என்பார். கோயிலை வலம் வருகிறோம், பிணத்தைத்தான் இடமாகச் சுற்றுகிறோம் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரவேண்டிய விஷயம் இல்லை. அதனால் கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கிளாக்கர் மட்டும் விடமாட்டார். "தம்பி, வலம் வாறதெண்டால் சாமி வலக்கைப் பக்கம் இருக்கவேணும். உம்மட பஸ்ஸில மாளிகை இடக்கைப் பக்கமெல்லோ கிடக்குது! நீர் குளத்தையோ கும்பிடுறீர்?" என்பார். கணவர் யோசித்துவிட்டு, "குளத்துத் தண்ணியும் சாமிதாங்க ஐயா. அது இல்லாட்டி இந்த எஞ்சின் ஓடுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ரிவர்ஸ் வராத மனிதனுக்குச் சாமி எப்படியெல்லாம் கைகொடுக்கிறது பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் சாயந்தரம் பலாமரத்தடியில் அண்ணன், "தை பொறந்ததும் என் பங்க எடுத்துக்கிட்டு மாத்தளைக்குப் போயிடுறேன். அங்க ஒரு கூட்டாளி நேர் ரோட்டுல பஸ் ஓட்டுறான்" என்றார். கணவர், "எந்தப் பங்கு வேணும்? முன்பக்கமா பின்பக்கமா?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு படுத்துவிட்டார். அவர் சாப்பிடாமல் படுத்ததை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டதால் என் தாய்வீடு என்பது அண்ணன் என்கிற ஒரே ஆள்தான். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் போகவேண்டும் என்பது வழக்கம். அண்ணனோ அதே வீட்டின் முன் அறையில் இருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வழக்கத்தை விடுவார்களா? வளைகாப்பு நடத்தி, ஆரத்தி எடுத்து, என்னைப் பின் அறையிலிருந்து முன் அறைக்கு முறைப்படி தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். கணவர் நடையில் நின்று வழியனுப்பினார். அண்ணன் அன்றிலிருந்து தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்குள் போய்ப் படுத்தார். "பாதி பஸ் என்னோடது, நான் படுக்கிறேன்" என்றார். அந்த மனிதன் போய்விட்டால் என் பிள்ளைக்குத் தாய்மாமன் மடி எது? யார் மடியில் வைத்து மொட்டை போடுவது, காது குத்துவது? பஸ் சுற்றினால் என்ன, நேரே போனால் என்ன, என் அண்ணன் போகாமல் இருந்தால் போதும் என்று எனக்கு இருந்தது.

கணவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அண்ணன் சொல்ற மாதிரி ஒரு மாசம் ஓட்டித்தான் பாருங்களேன்."

"ஓட்டலாம். ஆஸ்பத்திரியில போயி எப்படித் திருப்புறது?"

"அங்க இருக்கிற பொடியன்களக் கூப்பிட்டாத் தள்ளிவிட மாட்டானுங்களா?"

"எம் பஸ்ஸத் தள்ளுறதா!" என்று எழுந்து போய்விட்டார். அண்ணனிடம் சொன்னால் அவர் என்னிடம், "ஒம் புருசனுக்கு முன்னால மட்டுந்தான் பார்க்கத் தெரியும் தங்கச்சி" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே கூடையில் சோறு கட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அப்போது நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்த புதிது. எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குங்கள் என்பது ஒரு மோகமாக இருந்தது. ஒரு மத்தியானம் எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தபோது கிளாக்கர்தான் யோசனை சொன்னார். "ஏன் இந்தச் சண்டை? சனத்திட்டையே கேளுங்கோவன்." அண்ணன் உடனே மிதிபலகையில் ஏறி நின்றுகொண்டார். குளத்தைச் சுற்ற வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்க என்றார். தென்கரையில் ஏறி மாளிகைக்குப் பூ கொண்டுபோகும் சிங்களப் பெண்கள் எல்லோரும் தூக்கினார்கள். அவர்களுக்குச் சுற்றுதான் வசதி. பஸ் வீதியின் இடப்பக்கம் ஓடியது, கதவும் இடப்பக்கம் இருந்தது, வலமாகச் சுற்றினால் மாளிகைப் பக்கமாகவே இறங்கலாம். மற்றப்பக்கமாக ஓடினால் குளத்துக் கட்டுச்சுவரில்தான் கால் வைக்கவேண்டும்.

அண்ணன் எண்ணிப் பார்த்தார். முகம் கறுத்தது. "பொம்பளைங்க கையக் கீழ போடுங்க, மறுபடி எண்ணுறேன்" என்றார். அவ்வளவுதான். பூத்தட்டோடு இருந்த ஒரு கிழவி சிங்களத்தில் பிடித்த பிடி எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அந்த அமளியில் நானும் கையைத் தூக்கிப் பார்த்தேன். எதற்குத் தூக்கினேன் என்று எனக்கே தெரியாது, வாக்குப் போட ஆசையாக இருந்தது. வளைகாப்பு வளையல்கள் கலகலத்தன. அண்ணன் திரும்பிப் பார்த்து, "நீ வீட்டு ஆளு, ஒன் வாக்கு சேராது" என்றார். கணவரும், "ஆமா, அது சரிதான்" என்றார். மணிக்கயிற்றுக்குப் பிறகு அவர்கள் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கூடையை மூடிக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் காலையிலிருந்தே எனக்கு இடுப்புக் கடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நாள் இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா கணக்குச் சொல்லியிருந்ததால் நான் பெரிதாக எடுக்கவில்லை. நடந்தால் சரியாகும் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மார்க்கட்டில் பஸ் ஏறினேன். மாளிகை வாசலில் பூக்காரப் பெண்கள் இறங்கினார்கள். அண்ணன் இரண்டு தரம் மணி இழுத்தார். பஸ் வடகரைக்குத் திரும்பியதும் கடுப்பு வலியாக மாறி, முதுகிலிருந்து வயிற்றுக்கு வந்து இறுக்கியது. முன் ஆசனப் பலகையை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அண்ணே" என்றேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். கயிறு அறுந்துபோகிற மாதிரி இழுத்தார். "மச்சான், நிப்பாட்டு! திருப்பு! தங்கச்சிக்கு வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரி பின்னால இருக்கு, திருப்பு!"

பஸ் குலுங்கி நின்றது. கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு முன்னால் திரும்பிக்கொண்டார்.

"திருப்ப மாட்டேன்" என்றார்.

"என்ன மச்சான் சொல்ற?"

"இடமா ஓட்ட மாட்டேன். சுத்தியே போயிருவோம்."

அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கு முன் நான் திறந்துவிட்டேன். அடுத்த வலி வந்துகொண்டிருந்தது, எனக்கு அடக்கம் ஒடுக்கம் எல்லாம் போய்விட்டது. "ரிவர்ஸ் போட வராதுன்னு சொல்லித் தொலைங்களேன்! எதுக்கு சாமி மேல பழியப் போடுறீங்க!" என்று கத்தினேன். கிளாக்கர் உட்பட பஸ் முழுக்கக் கேட்டது. புருஷனை நாலு பேர் முன்னால் அப்படிக் கத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைசித் தடவை என்று சொல்லமாட்டேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"வராதுதான் புள்ள. ஆனா அது இல்ல" என்றார். "எங்கம்மா எந்தம்பியப் பெத்தெடுக்கத்தான் படுத்தாங்க. ரெண்டு பேருமே பொழைச்சு வரல. தண்ணிப் பானையத் தோள்ல வச்சு நாந்தான் இடமாச் சுத்தினேன், சின்னப் பய. பானை கனத்துச்சு, நடக்க முடியல, பின்னால யாரோ புடிச்சித் தள்ளிக்கிட்டே வந்தாங்க. ஒன்ன வச்சிக்கிட்டு நான் இடமா ஓட்ட மாட்டேன். அடிச்சுக் கொன்னாலும் ஓட்ட மாட்டேன்."

மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோனவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு வருஷமாக அவர் வலம் வலம் என்று சொன்னதை நான் சாக்கு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலிக்கு நடுவிலும் எனக்கு அழுகை வந்தது.

அண்ணன்தான் கயிற்றைப் பிடித்தார். "சரி மச்சான்" என்றார். "அப்ப எங்கயும் நிக்காம ஓட்டு." இரண்டு தரம் இழுத்தார்.

கணவர் ஓட்டினார் பாருங்கள்! அந்த மரப்பெட்டிக்கு அவ்வளவு வேகம் இருந்தது அதற்கு முன் யாருக்கும் தெரியாது. கை காட்டியவர்களையெல்லாம் அண்ணன், "ஏலாது, ஏலாது!" என்று கத்தி விரட்டினார். கிளாக்கர் ஒரு கையால் தலைப்பாகையையும் மற்றக் கையால் என் கூடையையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா தம்பி, ஐயோ கெதியாத் தம்பி" என்று இரண்டையும் மாறிமாறிச் சொன்னார்.

கிழக்கு மூலை திரும்பித் தென்கரைக்கு வந்தோம். அங்கே ஒவ்வொரு மத்தியானமும் ஒரு சிங்கள அம்மா ஏறுவார், நோனா என்போம். ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சி. பருத்த உடம்பு, கையில் ஒரு தோல் பை, எந்நேரமும் குடை. அண்ணன் அவருக்கும் ஏலாது என்று கையை ஆட்டினார். அந்த அவசரத்தில் அவர் யார், என்ன வேலை பார்க்கிறவர் என்பது எங்கள் ஒருவர் புத்தியிலும் ஏறவில்லை! பஸ் நிற்காது என்று தெரிந்ததும் நோனா குடையை நீட்டிப் பிடித்தபடி வீதி நடுவில் வந்து நின்றுவிட்டார். கணவர் பிரேக்கை மிதித்தார். பஸ் அவருடைய குடை நுனிக்கு முன்னால் நின்றது. நின்றதோடு எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு ஆவியைக் கக்கியது. வழக்கமான மரத்தடி, வழக்கமான கொதிப்பு.

நோனா திட்டிக்கொண்டே ஏறினார். என்னைக் கண்டதும் திட்டு நின்றது. குனிந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"வலி எப்ப வந்தது?"

"காலைல இருந்து இடுப்பு கடுக்குதுங்க."

"காலையில இருந்து பிள்ளை வருது. நீ சோத்துப் பெட்டி தூக்கி வந்தது!" என்று தன் தமிழில் அதட்டினார். பிறகு நிமிர்ந்து, "ஆம்பிளை எல்லாம் கீழ. போ, போ, போ!" என்று குடையால் விரட்டினார். இரண்டு பெண்கள் சேலை முந்தானையால் மறைப்புக் கட்டினார்கள். கணவர் குளத்துக் கட்டுச்சுவரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நோனா ஜன்னல் வழியாக, "சுடுதண்ணி!" என்று கூப்பிட்டார். என் அண்ணன் மகா கெட்டிக்காரர். ரேடியேற்றரைத் திறந்து தகரம் நிறையக் கொதிக்கிற தண்ணீரைப் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினார். செம்மண் நிறத்தில் துரு மிதந்தது. நோனா அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் எழுதமுடியாது. கிளாக்கர்தான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த வீட்டுக்கு ஓடிப்போய் நல்ல சுடுதண்ணீரும் ஒரு வெள்ளைத் துவாயும் வாங்கிவந்தார்.

அந்த நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கத்தினேன். குளத்து மரத்தில் இருந்த நீர்க்காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன என்று அண்ணன் பிற்பாடு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். கடைசியில் இன்னொரு குரல் கத்தியது. அது என் குரலைவிடப் பலமாக இருந்தது. நோனா துவாயில் சுற்றிக் காட்டினார், பெண். வளைகாப்பு வளையல்களைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். பிரசவம் பார்த்தவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அவருடைய கைக்கு ஒன்றுகூட ஏறாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது, இருந்தாலும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே கணவர் எழுந்து நின்றார், ஆனால் கிட்ட வரவில்லை. "தாய்க்கு?" என்று மட்டும் கேட்டார். "நல்லா இருக்கு. நீ போய் வண்டி ஓட்டு" என்றார் நோனா. அந்தப் பெரிய மனிதன் அப்படியே கட்டுச்சுவரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் கிளாக்கரே ஊற்றினார். சாப்பிடவேண்டிய இரண்டு பேருக்கும் பசி போய்விட்டதால் கூடையும் அன்று அவர் வசமாயிற்று.

ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அழைத்துப்போக இரண்டு பேரும் பஸ்ஸோடு வந்திருந்தார்கள். பஸ்ஸின் பின்பக்கப் பலகை உள்ளே குழிந்திருந்தது. "என்னங்க இது?" என்றேன்.

"ரிவர்ஸ் பழகினேன்" என்றார் கணவர், தலையைக் குனிந்துகொண்டு. "பலாமரத்துல ரெண்டு தரம் போயி இடிச்சிட்டேன். இன்னும் கொஞ்ச நாள்ல வந்துரும். சுத்து வேணாம் புள்ள. நீ அன்னைக்குத் துடிச்சதப் பார்த்தப்புறம் எனக்கு மனசு இல்ல. மச்சான் சொன்ன மாதிரி நேர் ரோட்டுலயே ஓட்டுவோம். வலி வந்தவங்கள நேரா கொண்டாந்து விடலாம்."

நான் அண்ணனைப் பார்த்தேன். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது, துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"யாரக் கேட்டு மாத்துற?" என்றார். "சுத்தி வந்ததாலதான நோனா ஏறினாங்க? நேர் ரோட்டுல எங்க இருந்து நோனா வரும்? எம் மருமக பொறந்த ரோட்ட விட்டுட்டு வேற ரோட்டுல மணி இழுக்க என்னால ஆகாது. சுத்துதான்!"

"மச்சான், நீதான ஒரு வருசமா..."

"அது போன வருசம்!"

ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். அதே வாதங்கள்தான், ஆள்தான் மாறியிருந்தது. வெறும் பெட்டியாகத் திரும்பும் பஸ்ஸைப் பற்றி அண்ணன் பேசினார், நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிக்கமுடியாததைப் பற்றிக் கணவர் பேசினார். எனக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷம் தாங்கவில்லை. மாத்தளை என்ற பேச்சே வரவில்லை. வராது என்றும் தெரிந்துவிட்டது. இப்படி வாய் கொடுத்து வாய் வாங்க மாத்தளையில் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

"சரி, அவகிட்டயே கேளு" என்றார் அண்ணன் கடைசியில். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"வீட்டு ஆளு வாக்கு சேராதே?" என்றேன்.

"சேரும், சேரும்" என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினேன். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கிங்க. இன்னைக்கு சுத்திப் போகணும். இவளுக்கு அந்த எடத்தக் காட்டணும்."

ஸ்டேஷன் வந்தது, மார்க்கட் வந்தது. மஹய்யாவக்குத் திரும்பாமல் குளத்துக்கே விட்டார் கணவர். மாளிகை வாசலில் பூக்காரக் கிழவி ஏறி வந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் போனாள். தென்கரை மரத்தடிக்கு வந்ததும் யாரும் கேட்காமலே அண்ணன் ஒரு தரம் மணி இழுத்தார். கணவர் நிறுத்தினார். எஞ்சின் அன்று கொதிக்கவும் இல்லை. யாரும் இறங்கவில்லை. குளம் பளபளத்துக் கிடந்தது. கணவர் திரும்பிப் பார்க்காமலே, "எங்கம்மாவையும் ஒரு தரம் இப்படிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். என்னால் அவர் தோளைத் தொடத்தான் முடிந்தது.

மறுபடி மார்க்கட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் போக அங்கே திரும்பவேண்டும். கணவர் வேகத்தைக் குறைத்தார், ஆனால் திருப்பவில்லை.

"இன்னொரு சுத்து போவோமா மச்சான்?" என்று கேட்டார், சின்னப் பையன் கேட்பதுபோல.

சாக்கு மூட்டையோடு நின்ற ஒருவர் ஓடிவந்து மிதிபலகையைப் பிடித்துக்கொண்டு, பஸ் எங்கே போகிறது என்று அண்ணனிடம் விசாரித்தார்.

"எங்கயும் போகலைங்க" என்றார் அண்ணன். "சும்மா ஏறுங்க." கயிற்றை இரண்டு தரம் இழுத்தார்.